நாகபாசம், மாயசீதை, பேய்க் கூட்டம்: தமிழ்க் கதைகளில் மாயம் போரை ஜெயித்துக் கொடுத்ததா?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் இருக்கிறது கலியுக வரதராஜப் பெருமாள் கோயில். (கூகுள் மேப்பில் தேடினால் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிட்டுப் போயிடும், கவனம். இது கல்லங்குறிச்சி.) இங்கே மூலவராக வழக்கமான பெருமாள் சிலை கிடையாது. ஒரு கல் கம்பத்தைத்தான் பெருமாளாக வணங்குகிறார்கள். ராமநவமியை ஒட்டி இங்கு நடக்கும் பெருந்திருவிழாவும் தேரோட்டமும் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் பிரபலம்.

ராமநவமி வந்துவிட்டால் ராமர் கதை. ராமர் கதை என்றாலே சின்னப் பிள்ளைகள் காத்திருப்பது இலங்கைப் போருக்குத்தான். வானத்திலிருந்து பாயும் பாம்பு அம்பு, ஆளே தெரியாமல் மேகத்துக்குள் நின்று அடிக்கும் இந்திரசித்து, மலையையே தூக்கி வரும் அனுமன்.

இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்க சோழனின் படை கலிங்கத்தில் ஜெயித்ததைப் பாட வந்த புலவர், பாட்டு நிறைய பேய்களையும் காளியையும் நிரப்பி வைத்தார்.

இந்த மாய ஆயுதங்களும் பேய்களும் கதையில் உண்மையில் என்ன வேலை செய்கின்றன? மந்திரம் தெரிந்தவன் ஜெயித்துவிடுகிறானா? விரிவாகப் பார்க்கலாம்.

அஸ்திரம் என்றால் என்ன?

கையில் பிடித்து அடிக்கும் வாள், கதை போன்றவை சஸ்திரம். மந்திரம் சொல்லி ஏவுவது அஸ்திரம். அம்பு சாதாரண அம்புதான். மந்திரத்தைச் சொல்லி எந்தத் தேவதையை அதில் இறக்குகிறோமோ, அதன் சக்தி அந்த அம்புக்கு வந்துவிடும். சில கதைகளில் ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டாலே போதும்.

அக்னி அஸ்திரம் விட்டால் எதிராளி வருணாஸ்திரம் விட்டு அணைப்பான். நாகம் வந்தால் கருடன் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறிவு உண்டு. அதனால்தான் இந்தப் போர்களில் பாதி நேரம் இரண்டு பேரும் சமமாக விட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் நடக்காது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வால்மீகி ராமாயணத்தில் தாடகை வதம் முடிந்ததும் விசுவாமித்திரர் ராமனுக்கு அஸ்திரங்களை வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறார். வாங்கி முடித்ததும் ராமன் கேட்பது என்ன தெரியுமா? விட்ட அஸ்திரத்தைத் திரும்ப அழைக்கும் மந்திரத்தையும் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான். ஏவத் தெரிவது பாதிப் படிப்பு. நிறுத்தத் தெரிவது மீதிப் பாதி.

இந்த மீதிப் பாதி தெரியாதவன் என்ன ஆவான் என்பதற்கு மகாபாரதத்தில் அசுவத்தாமன் இருக்கிறான். பதினெட்டு நாள் போர் முடிந்த பிறகு, அவனும் அர்ஜுனனும் ஒரே நேரத்தில் பிரம்ம அஸ்திரத்தை ஏவுகிறார்கள். உலகம் அழிந்துவிடும், திரும்ப எடுங்கள் என்று வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். அர்ஜுனன் எடுத்துவிட்டான். அசுவத்தாமனால் முடியவில்லை. விட்டது எங்கேயாவது விழுந்தாக வேண்டுமே? உத்தரையின் வயிற்றில் இருந்த குழந்தை மீது அதைத் திருப்பிவிட்டான்.

கர்ணனிடம் இருந்தது ஒரே ஒரு 'ஷாட்'

மொபைல் கேம் விளையாடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். சில ஆயுதங்களை ஒரு ஆட்டத்தில் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். எப்போது எடுப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

கர்ணனிடம் அப்படி ஒன்று இருந்தது. அவனுடைய கவச குண்டலத்தை இந்திரன் அந்தணர் வேடத்தில் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு சக்தி என்ற வேலைக் கொடுத்தான். யார் மீது விட்டாலும் சாவு நிச்சயம். ஆனால் ஒரே தடவைதான், பிறகு அது இந்திரனிடமே போய்விடும். கர்ணன் அதை அர்ஜுனனுக்காகப் பத்திரமாக வைத்திருந்தான்.

பதினான்காம் நாள். பொழுது சாய்ந்தும் போர் நிற்கவில்லை, தீவட்டி வெளிச்சத்தில் நடக்கிறது. பீமனின் மகன் கடோற்கசன் இறங்குகிறான். அரக்கர்களின் மாயம் இரவில் பலமாகும் என்பது கதையின் விதி. 'மாயா பஜார்' படத்தில் எஸ்.வி.ரங்காராவ் கல்யாண விருந்தைக் காலி பண்ணுவாரே, அதே கடோற்கசன்தான். ஆனால் குருக்ஷேத்திரத்தில் அவன் காட்டியது வேடிக்கை இல்லை. வானத்திலிருந்து கல்லும் ஆயுதமும் கொட்டுகின்றன. கௌரவர் படை சிதறுகிறது. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கர்ணனைப் பார்த்துக் கத்துகிறார்கள்: அந்த வேலை இப்போ விடு, இல்லன்னா விடியும்போது நம்மில் யாரும் இருக்க மாட்டோம்.

கர்ணன் விட்டான். கடோற்கசன் செத்தான். விழும்போதும் உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு எதிரிப் படை மீதே விழுந்து ஏராளமானவர்களை நசுக்கினான்.

பாண்டவர்கள் அழுகிறார்கள். கிருஷ்ணன் மட்டும் சந்தோஷத்தில் ஆடுகிறான். அர்ஜுனன் கோபமாகக் கேட்டபோது கிடைத்த பதில், அந்த வேல் போய்விட்டது, இனி கர்ணன் வெறும் மனிதன். மூன்று நாள் கழித்துக் கர்ணன் இறந்தபோது அவனிடம் அந்த வேல் இல்லை. அவனுக்குத் தெரிந்த அஸ்திர மந்திரமும் பரசுராமர் சாபப்படி சரியான நேரத்தில் மறந்துபோனது.

கடோற்கசன் சாவு விபத்து இல்லை, கணக்கு என்று புரியும்போது இந்தக் கட்டம் கொஞ்சம் கசக்கும். பெரியப்பாவையும் சித்தப்பாக்களையும் காப்பாற்ற, எதிரியின் ஒரே தோட்டாவைத் தன் மேல் வாங்கிக்கொள்ள அனுப்பப்பட்ட பையன் அவன். தமிழ்நாட்டு பாரதக் கதையில் இன்னும் ஒரு படி மேலே போய், போர் தொடங்கும் முன்பே அர்ஜுனனின் மகன் அரவானைக் களப்பலி கொடுக்கிறார்கள். கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கைகள் தாலி அறுத்து அழுவது அந்த அரவானுக்காகத்தான். மாயத்துக்கான விலையை யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதான் கொடுக்கிறது.

இன்று உலகம் முழுக்க ஃபேண்டஸி எழுதுகிறவர்களும் இதைத்தான் விவாதிக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் எழுதிய கட்டுரை அவர்களிடையே ரொம்பப் பிரபலம். மாயம் எப்படி வேலை செய்யும் என்று வாசகனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்பது அவருடைய கருத்து. மாயத்தின் சக்தியைவிட அதன் வரம்புகள்தான் சுவாரசியம் என்றும் அவர் சொல்கிறார். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

அப்போ பிரம்மாஸ்திரம் அணுகுண்டா?

வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றி வரும் செய்தி இது. இல்லை என்பதே பதில். கதையில் வரும் அஸ்திரத்துக்கு உலோகம், எரிபொருள், தொழிற்சாலை எதுவும் கிடையாது. மந்திரமும் தவமும் குருவின் அனுமதியும்தான் வேண்டும்.

ஏவுகணைகளுக்கு அந்தப் பெயர்கள் வந்தது நம் காலத்தில். 1983-ல் ஆ.ப.ஜெ.அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் உருவானவை பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக். பெயர் பழசு, தொழில்நுட்பம் புதுசு. இன்னொன்று, பிரம்மோஸ் என்ற பெயர் பிரம்மாஸ்திரத்திலிருந்து வந்ததல்ல. பிரம்மபுத்திரா நதியையும் ரஷ்யாவின் மாஸ்க்வா நதியையும் சேர்த்து வைத்த பெயர்.

அணுகுண்டு என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் கதையில் இருக்கும் உண்மையான பெருமையைத் தவறவிடுகிறார்கள். இலங்கைப் போரில் இந்திரசித்தின் அட்டகாசம் தாங்காமல், பிரம்மாஸ்திரத்தை விட்டு எல்லாரையும் முடித்துவிடுகிறேன் என்கிறான் லட்சுமணன். ராமன் தடுக்கிறான். ஒருவன் செய்த குற்றத்துக்கு எல்லாரையும் கொல்லக் கூடாது, சண்டை போடாதவன், ஒளிந்திருப்பவன், கை கூப்பி நிற்பவன், ஓடுகிறவன் இவர்களைத் தொடக் கூடாது என்று வால்மீகியின் ராமன் விளக்கமும் சொல்கிறான். கம்பரின் கதையில் இந்தத் தடைக்கு உடனே விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் விடாத அதே அஸ்திரத்தை இந்திரசித்து மறைந்திருந்து விடுகிறான். லட்சுமணனும் வானரப் படையும் சாய்கிறார்கள். அனுமன் மருந்து மலையைத் தூக்கி வந்த பிறகுதான் எழுகிறார்கள். கட்டுப்பாடாக இருந்தால் நல்லது நடக்கும் என்று கதை சுலபமாகச் சொல்லிவிடவில்லை.

இந்திரசித்தின் பெரிய ஆயுதம் எது?

நாகபாசம் என்பார்கள் சிலர். பிரம்மாஸ்திரம் என்பார்கள் சிலர். இரண்டுக்கும் முறிவு இருந்தது. கருடன் வந்ததும் நாகபாசம் அறுந்தது, மருந்து வந்ததும் செத்தவர்கள் எழுந்தார்கள். அதற்குப் பிறகு இந்திரசித்து எடுத்த ஆயுதத்தில் அம்பும் இல்லை, வில்லும் இல்லை. ஒரு காட்சி மட்டும்தான்.

மாயத்தால் ஒரு சீதையை உண்டாக்குகிறான். அதைப் போர்க்களத்துக்கு இழுத்து வந்து, அனுமன் கண் எதிரிலேயே வெட்டுகிறான். அனுமன் அசோகவனத்தில் உண்மையான சீதையை நேரில் பார்த்துப் பேசியவன், அவளை அடையாளம் தெரிந்தவன். அவனே நம்பிவிட்டான் என்றால் மற்றவர்கள் கதி? யாருக்காக இந்தச் சண்டையோ அவளே இல்லை என்றால் சண்டை எதற்கு? படை முழுக்க உட்கார்ந்துவிடுகிறது. ராமன் மயங்கி விழுகிறான். போதாததற்கு, அடுத்து அயோத்திக்குப் போய் பரதனையும் முடிக்கப் போகிறேன் என்று ஒரு வதந்தியையும் இந்திரசித்து கிளப்பிவிட்டுப் போகிறான். கம்பரில் ராமனின் கவலை அங்கேயும் ஓடுகிறது.

இந்திரசித்துக்கு வேண்டியது வெற்றி இல்லை, நேரம். எதிரிகள் அழுதுகொண்டிருக்கும்போது நிகும்பலை என்ற இடத்தில் அவன் ஒரு யாகத்தைத் தொடங்கிவிட்டான். அது முடிந்தால் அவனை யாரும் வெல்ல முடியாது. இடையில் யாராவது புகுந்து கலைத்தால், கலைத்தவன் கையில் அவனுக்குச் சாவு.

இந்தக் கட்டத்தில் வால்மீகியும் கம்பரும் பிரிகிற இடம் ரொம்ப முக்கியம். வால்மீகியில் விபீஷணன் உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துச் சொல்லிவிடுகிறான்: ராவணன் சீதையைக் கொல்ல ஒருநாளும் விட மாட்டான், ஆகவே இது பொய். நல்ல வாதம்தான். கம்பரின் விபீஷணனுக்கு அது போதவில்லை. சந்தேகம் வந்ததும் வண்டு உருவம் எடுத்துக்கொண்டு அசோகவனத்துக்கே பறந்து போகிறான். சீதை உயிரோடு உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறான். நிகும்பலையில் யாகம் நடக்கும் விஷயமும் தெரிய வருகிறது. அதன் பிறகுதான் திரும்பி வந்து சொல்கிறான். லட்சுமணன் படையோடு போய் யாகத்தைக் கலைக்கிறான், இந்திரசித்தின் கதை முடிகிறது.

இலங்கைப் போரின் திருப்புமுனை எது என்று கேட்டால், பலரும் மலையைத் தூக்கிய அனுமனைச் சொல்வார்கள். அந்த வண்டுக்கும் பாதி மார்க் கொடுக்கலாம்.

இந்திரசித்து மட்டும் இதைச் செய்யவில்லை. கம்பரில் மருத்தன் என்ற அரக்கனை ஜனகராக வேடம் மாற்றிச் சீதை முன்னால் நிறுத்துகிறார்கள், அப்பாவே சொன்னால் மனம் மாறுவாளா என்று. வால்மீகியில் வேறு மாதிரி. ராமனின் வெட்டப்பட்ட தலை என்று ஒரு மாயத் தலையைச் சீதையிடம் காட்டுகிறான் ராவணன். அம்பு விட்டு ஜெயிக்க முடியாதபோதெல்லாம் அந்தப் பக்கம் எடுத்தது பொய்க் காட்சியைத்தான்.

இது இன்றைக்கு எப்படிப் பொருந்தும் என்று விளக்கவே வேண்டியதில்லை. 'ஆர்மா 3' என்ற வீடியோ கேமின் காட்சிகள் உக்ரைன் போர் என்று பகிரப்பட்டன, அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனம் போஹிமியா இன்டராக்டிவ் 2022 நவம்பரில் அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று. 2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதல் நடந்த நாட்களிலும் வீடியோ கேம் காட்சிகள் உண்மைத் தாக்குதலாக ஃபோனுக்கு ஃபோன் பறந்தன. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அவற்றைப் பொய் என்று அறிவித்தது. ஃபார்வர்டு செய்தவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அனுமனும்தான் நம்பினான்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பேய்கள் எப்படி வந்தன?

பொய்ப் போர்க்களத்தைக் காட்டுவது எவ்வளவு கொடுமை என்று தமிழில் சொன்ன இன்னொரு புலவர் ஜெயங்கொண்டார். அவர் எழுதிய 'கலிங்கத்துப்பரணி' கி.பி. 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

நடந்த சம்பவம் இது. வட கலிங்க மன்னன் கப்பம் கட்டவில்லை. சுமார் 1110-ம் ஆண்டு, குலோத்துங்க சோழன் தன் தளபதி கருணாகரத் தொண்டைமானைப் படையோடு அனுப்பினான். சோழர் படை ஜெயித்தது, யானைகளும் செல்வமும் கொண்டு வந்தது. இவ்வளவுதான். ராஜேந்திர சோழன் கட்டி எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் அப்போது சோழர் தலைநகர். இன்றைக்கும் ஜெயங்கொண்டம் பக்கம் மாளிகைமேட்டில் தோண்டினால் அந்த அரண்மனையின் செங்கல் சுவர்கள் வருகின்றன.

ஆனால் ஜெயங்கொண்டார் இதைப் போர்ச் செய்தியாகச் சொல்லவில்லை. பாட்டில் பாதிக்கு மேல் காளி, காளியின் காடு, காளியின் கோயில், காளியின் பேய்கள். அந்தப் பேய்களுக்கோ பயங்கரப் பசி. போர் நடந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது, பிணம் கிடைக்கவில்லை. ஒட்டிய வயிறும் குழி விழுந்த கண்ணுமாகத் திரிகின்றன.

அப்போது இமயத்துக்குப் போய் மாய வித்தை கற்றுக்கொண்ட ஒரு கிழப்பேய் வந்து சேர்கிறது. கற்ற வித்தையைக் காளி முன்னால் காட்டுகிறேன் என்று ஆரம்பிக்கிறது. இந்தப் பகுதிக்கே 'இந்திரசாலம்' என்று பெயர். திடீரென்று எதிரே யானைத் துண்டுகள், ரத்த வெள்ளம், மலை மலையாகப் பிணம். பசித்த பேய்கள் பாய்ந்து விழுந்து வாரி வாரி வாயில் போடுகின்றன. வாயில் ஒன்றுமே இல்லை. வெறும் கை, வெறும் வாய். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டதுதான் மிச்சம். கடைசியில் பேய்களே காளியிடம் கெஞ்சுகின்றன, இதை நிறுத்தச் சொல்லுங்கள், எங்களால் தாங்க முடியவில்லை என்று.

பேய் பயமுறுத்தும் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். பொய்க் காட்சியைப் பார்த்துப் பேயே பரிதாபமாக நிற்கும் இடம் அபூர்வம்.

பிறகு நிஜப் போர் வருகிறது. இங்கேதான் ஜெயங்கொண்டாரின் சாமர்த்தியம். காளி வாளோடு இறங்கிச் சண்டை போடவில்லை. பேய்ப் படை கலிங்கர்களைக் கடிக்கவில்லை. யானையும் குதிரையும் வீரர்களும் மோதுகிறார்கள், தொண்டைமான் ஜெயிக்கிறான். எல்லாம் முடிந்த பிறகுதான் காளி களம் பார்க்க வருகிறாள். பேய்கள் ரத்தத்தையும் சதையையும் போட்டுக் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. மனிதர்கள் செய்த வேலைக்கு மாயம் சொந்தம் கொண்டாடவில்லை. மிச்சத்தைத் தின்ன வந்தது, அவ்வளவுதான்.

தோற்ற கலிங்க வீரர்கள் தப்பிக்க ஒரு 'மாயம்' செய்கிறார்கள், அதைச் சொல்லாமல் போனால் குறை. வில்லின் நாணைக் கழற்றிப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, நாங்கள் கங்கைக்குக் குளிக்கப் போகும் அந்தணர்கள் என்கிறான் ஒருவன். தலைமுடியைப் பறித்துக்கொண்டு சமண முனிவர் ஆகிறான் இன்னொருவன். ரத்தத்தில் தோய்ந்த துணியைப் போர்த்திக்கொண்டு புத்த பிட்சு என்கிறான் மற்றொருவன். யானை மணியைத் தாளமாகத் தட்டிக்கொண்டு, நாங்கள் பாட வந்த பாணர்கள் என்கிறார்கள் சிலர். எழுதியது ஜெயித்த பக்கத்துப் புலவர் என்பதை மறக்காமல் படித்தால், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் அவர்கள்.

கதை சரி, நிஜப் போரில் மாயத்தை நம்பினார்களா?

நம்பினார்கள். அதற்கான தடயம் சங்க இலக்கியத்திலேயே நிறைய இருக்கிறது.

ஆநிரை கவரப் புறப்படும் முன் 'விரிச்சி' கேட்பார்கள். யாரோ யாரிடமோ எதேச்சையாகச் சொல்லும் வார்த்தை காதில் விழும்வரை காத்திருப்பது, அது நல்ல வார்த்தையாக இருந்தால் கிளம்புவது. நல்ல நாள் இன்று, படை தயாராக இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மன்னனின் வாளையோ குடையையோ மட்டும் அந்த நல்ல நேரத்தில் முன்னால் அனுப்பிவிடுவார்கள். வாள்நாட்கோள், குடைநாட்கோள் என்று இதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு. இன்றைக்கும் பயணத்துக்கு நல்ல நேரம் பார்த்து ஒரு பையை மட்டும் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைக்கும் பாட்டிகளைக் கேட்டால் இது புரியும்.

காயம்பட்டவர்கள் விஷயம் வேறு. போர்க்களத்தில் விழுந்தவனைப் பேய் தீண்டிவிடும் என்ற பயம் இருந்தது. அதனால் வீட்டுக்குக் கொண்டு வந்தபின் பெண்கள் ராத்திரி முழுக்கக் காவல் இருந்தார்கள். புறநானூற்றின் 281-வது பாடலில் அரிசில் கிழார் அந்த வீட்டைக் காட்டுகிறார். வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், யாழும் குழலும் வாசிக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், வீடு முழுக்கப் புகை போடுகிறார்கள். மன்னனைக் காத்த ஒரு வீரனின் புண்ணைக் காப்பதற்காக இத்தனையும். அந்தக் காலப் போரில் மாயத்தை எதிர்த்து நின்றவர்கள் பெண்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிரியை மாயத்தால் அடிக்கவும் ஒரு வழி இருந்தது. அதுதான் காவல்மரம்.

ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரம் உண்டு. அதன் சக்தியும் மானமும் அந்த மரத்தில் இருப்பதாக நம்பினார்கள். ஹாரி பாட்டர் படித்தவர்கள் வோல்டமோர்ட் தன் உயிரைப் பொருட்களில் ஒளித்து வைத்ததை நினைத்துக்கொள்ளலாம். வித்தியாசம், இங்கே மரம் ஊர் நடுவில் எல்லாருக்கும் தெரியும்படி நிற்கும். அதை வெட்டினால் அந்தக் குடி தோற்றதாக அர்த்தம். ஆகவே படை நகரும் திசையையே சில நேரம் அந்த மரம் தீர்மானித்தது. கோட்டையைப் பிடித்தாலும் மரம் நின்றால் வெற்றி முழுசாகாது.

சேர மன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் தன் எதிரிகளின் கடம்ப மரத்தை வெட்டி, அந்தக் கட்டையிலேயே போர் முரசு செய்தான் என்கிறது பதிற்றுப்பத்து. அடுத்த போருக்குக் கிளம்பும்போதெல்லாம் தோற்றவர்களின் மரமே முழங்கியிருக்கும்.

சேரன் செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டினான். அதே தொகுப்பில் இதுவும் இருக்கிறது. வெட்டிய மரம் சின்னது இல்லை, யானைகளைப் பூட்டித்தான் இழுக்க முடிந்தது. யானைகளைப் பூட்டுவதற்கான கயிறு, நகைகளைக் களைந்து நின்ற பெண்களின் கூந்தலை எடுத்துத் திரித்தது.